‘ஆட்டிடியூட்’ என்று போடுங்கள்

அரை மணி நேரம் பேசினால் போதும் என்றாள் கோகிலா. என்னிடம் ஆபரேட்டராக வேலை பழகியவள் அவள். பிறகு இரவுப் பள்ளிக்குப் போய்ப் படித்து, இப்போது நான் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் ஆள்வளப் பிரிவில் அதிகாரியாக இருக்கிறாள். புதிய சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி நடக்கிறதாம். ஆயுசில் பாதியை லைனில் கழித்த ஒருத்தி வந்து நாலு வார்த்தை பேசினால் பிள்ளைகளுக்கு நல்லது என்று மேலிடத்தில் சொன்னார்களாம்.

“எதப் பத்தி பேசணும்?” என்றேன்.

“ஆட்டிடியூட் பத்திக்கா. சும்மா உங்க எக்ஸ்பீரியன்ஸ் சொன்னா போதும் லா.”

அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போனைக் கீழே வைத்தேனா, கரண்டியை வைத்தேனா, எதுவும் நினைவில்லை. குழம்பு அடிப்பிடித்த வாடை கூடம் வரைக்கும் போய், என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். “யாரு மேல கோவம்? குழம்பு மேலயா?” என்றார். அவருக்கென்ன, லோரி ஓட்டிப் பிழைத்த மனிதர். அவரை யாரும் வருடத்துக்கு ஒரு முறை கட்டம் போட்ட தாளில் எடை போட்டதில்லை.

அன்று மாலை கோகிலா சில படங்களை அனுப்பினாள். கூட்டத்தில் திரையில் காட்டப் போகிறவை. மலையுச்சியில் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கீழே கொட்டை எழுத்தில் அந்தச் சொல். அவன் எதற்கு மலை ஏறினான், சொல்லிவிட்டு ஏறினானா, கேட்டுவிட்டு ஏறினானா என்று ஒரு விவரமும் இல்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தச் சொல்லுக்கு அகராதியில் மனப்பாங்கு என்று போட்டிருக்கிறது. மகனின் பள்ளி அகராதியை எடுத்து நானே பார்த்திருக்கிறேன். நல்ல மனப்பாங்கும் உண்டு, கெட்டதும் உண்டு, முன்னால் ஒரு சொல் சேர்த்தால்தான் எது என்று தெரியும். அது அகராதியில். தொழிற்சாலையில் யாரும் முன்னால் எதையும் சேர்ப்பதில்லை. “அவளுக்கு ஆட்டிடியூட்” என்றால் முடிந்தது, அவள் கதை அவ்வளவுதான். இப்போது பார்த்தால் பீடோங் பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிற பையன்கள் அதையே ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். அவர்களுக்கு அது ஸ்டைல். மேனேஜரிடம் இருந்தால் அதற்கு லீடர்ஷிப் என்று பெயர். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்ணிடம் இருந்தால் மட்டும் அது வியாதி. என்ன நியாயம் இது?

நான் பிறந்தது பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் சீவியவர்கள். பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்ததும் கூலிமில் தொழிற்சாலை திறந்து ஆள் எடுத்தார்கள். தோட்டத்து முகப்பு வரைக்கும் கம்பெனி பஸ் வந்தது, ஏறிவிட்டேன். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து, நகக்கண் அளவுகூட இல்லாத சில்லுகளில் கீறல் பார்க்கிற வேலை. பழகும் காலத்தில் தலைவலி, வாந்தி, கண்ணில் நீர். எல்லாருக்கும் அப்படித்தான், அதைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை.

ஆனால் உள்ளே போவதற்கு முன் உடை மாற்றுகிற முறையைச் சொல்லத்தான் வேண்டும். தோடு, வளையல் எல்லாம் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். முகத்தைக் கழுவ வேண்டும், ஒரு பொட்டுப் பவுடர் இருக்கக் கூடாது. விபூதி, குங்குமம், ஸ்டிக்கர் பொட்டு எதுவும் ஆகாது. தூசு விழுந்தால் சில்லு கெட்டுவிடும். முதலில் தலைக்கு வலை. அதன் மேல் தோள்வரை மூடுகிற முக்காடு. பிறகு வாய் மூடி. பிறகு கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் வெள்ளை அங்கி, காலுக்குத் துணி உறை, கடைசியில் கையுறை. இந்த வரிசை மாறினால் திரும்ப எல்லாம் கழற்றி முதலிலிருந்து போட வேண்டும். பிறகு காற்று வீசுகிற ஒரு சின்ன அறையில் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். உள்ளே போனால் மலாய்ப் பெண் யார், சீனப் பெண் யார், நம் பெண் யார், ஒன்றும் தெரியாது. கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் ஐயா, எங்கள் ஆட்டிடியூட்டைக் கண்டுபிடித்தார்கள்!

முதல் வருட மதிப்பீட்டில் எனக்கே அதுதான் நடந்தது. வருகைக்குக் கார்டு இருந்தது. எத்தனை தட்டு முடித்தோம் என்பதற்குக் கணக்கு இருந்தது. எத்தனை தவறு விட்டோம் என்பதற்கும் கணக்கு இருந்தது. நாலாவது கட்டம் ஆட்டிடியூட், அதற்கு மட்டும் எந்தக் கணக்கும் இல்லை. அந்தக் கட்டத்தில் எனக்கு மிகக் குறைவாகப் போட்டிருந்தார்கள். எங்கள் லைனை அப்போது பார்த்துக்கொண்டிருந்தது மிஸ் லிம் என்ற சீன அம்மா, கெட்டவர் இல்லை. ஏன் என்று கேட்டேன். “யூ நெவர் ஸ்மைல், சரஸ்” என்றார். வாய்மூடிக்குள் நான் சிரித்தேனா அழுதேனா என்று இவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு வந்த ஆத்திரத்தைச் சிரிப்பாக்கி, கேன்டீனில் தோழிகளிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தோம். இளம் வயது, தாங்கிக்கொண்டோம்.

பிறகு லைன் லீடர் ஆனேன், சூப்பர்வைசர் ஆனேன். மிஸ் லிம் ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு மேலே, எங்கள் பிரிவு முழுவதற்கும் மேனேஜராக வந்தவர் மிஸ்டர் தனா. தனபாலன் என்பது முழுப்பெயர். நம்மவர்தான். சுங்கைப்பட்டாணியில் அரசாங்க உத்தியோகக் குடும்பம், வெளிநாட்டுப் படிப்பு. நம் ஆள் ஒருவர் மேனேஜரின் கண்ணாடி அறையில் உட்காருகிறார் என்று முதல் நாள் நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். நானே வீட்டில் கேசரி செய்து கொண்டுபோனேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். லைனில் சில்லு துடைக்க வைத்திருக்கும் மெல்லிய துணியில் ஒன்றை எடுத்து மெதுவாகத் துடைப்பார். முதலில் வலது பக்கம், அப்புறம் இடது பக்கம். எதிரில் நிற்கிறவள் அதுவரைக்கும் நிற்க வேண்டும். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசுவார். தமிழ் தெரியாதவர் இல்லை. லைன் டெக்னீஷியன் பையன்களோடு படம் பற்றிப் பேசும்போது அழகாகத் தமிழ் வரும். தோட்டத்துப் பெண்களிடம் மட்டும் ஆங்கிலம். அவர்கள் விழிப்பார்கள். உடனே என்னைப் பார்த்து, “சீ, சரஸ்? நம்ம ஆளுங்களுக்கு இதுதான் ப்ராப்ளம். எல்லாம் இருக்கு, பட் ஆட்டிடியூட்...” என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார். அந்த ‘பட்’டுக்குப் பிறகு அவர் ஒருநாளும் எதையும் முடித்ததில்லை.

லெட்சுமி அவர் காலத்தில்தான் வந்தாள். பீடோங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம். பஸ் முதலில் ஏற்றுவதும் அவளைத்தான், கடைசியில் இறக்குவதும் அவளைத்தான். ஒல்லியான பெண். அதிகம் பேச மாட்டாள், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா தோட்டத்தில் பாமாயில் குலை வெட்டிக்கொண்டிருந்தார், அம்மாவுக்கு நீரிழிவில் பார்வை மங்கிவிட்டது. லெட்சுமி தற்காலிக வேலையில் சேர்ந்து, நிரந்தரமாகும் நாளுக்காகக் காத்திருந்தாள். அந்த நேரத்தில் அவள் அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

தோட்டத்தில் வேலை செய்கிற ஆள் இருக்கும் வரைக்கும்தான் தோட்டத்து வீடு. ஆள் போனால் காலி செய்ய வேண்டும். தோட்டத்து மேனேஜர் நல்ல மாதிரி, சில மாதம் தவணை கொடுத்தார். பீடோங்கில் மலிவு விலை வீடு ஒன்றுக்கு லெட்சுமி பேர் கொடுத்திருந்தாள். வங்கியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள், வேலை நிரந்தரமா என்று. அந்த உறுதிக் கடிதம் வந்தால் அம்மாவுக்கும் மகளுக்கும் வீடு. வராவிட்டால் தெரு. இது எனக்குத் தெரியும், மிஸ்டர் தனாவுக்கும் தெரியும். நானே அவரிடம் சொல்லியிருந்தேன்.

சாவுக்குக் கம்பெனி கொடுக்கிற லீவு அடக்கத்தோடு முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் கருமாதி. அது மாதக் கடைசி, சரக்கு ஏற்றுமதி நெருக்கடி, எல்லார் லீவையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். லெட்சுமி என்னிடம் வந்து, “அக்கா, ஆபீஸ்ல யாருகிட்ட சொல்லணும்?” என்றாள். கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போனேன்.

“சார், வர்ற வியாழக்கிழமை எங்கப்பாவுக்குக் கருமாதி. நான் வேலைக்கு வரமாட்டேன் சார்” என்றாள். பணிவாகத்தான் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள்.

மூக்குக்கண்ணாடி கழன்றது. “ஆர் யூ ஆஸ்கிங் மீ, ஓர் டெல்லிங் மீ?”

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. நான் தமிழில் சொன்னேன், கேட்கிறாயா, சொல்கிறாயா என்று. “சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் சார்” என்றாள்.

அவர் துடைத்து, மாட்டி, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார். நாங்கள் வெளியே வந்தோம்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும், ஏனென்றால் இதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். தோட்டத்தில் சாவுக்கு யாரும் லீவு கேட்பதில்லை. காலையில் பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிடும் நேரத்தில், ஒருவர் போய்க் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்வார்: இன்னார் தவறிவிட்டார், இந்தந்த வீட்டு ஆட்கள் இன்றைக்கு வேலைக்கு இல்லை. கிராணி பேரை அடித்துவிடுவார். அவ்வளவுதான். கருமாதிக்கும் அதே கதைதான். கூலி போகும், போகட்டும். மற்ற எதற்கும் கைகட்டி நின்று கேட்ட ஜனங்கள்தான் நாங்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூடக் கேட்டோம். சாவுக்கு மட்டும் கேட்டதில்லை. கேட்டால் மறுக்கவும் ஒருவனுக்கு உரிமை உண்டு என்றாகிவிடுமே! வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே அது நடக்கவில்லை என்று என் அப்பா சொல்லுவார். லெட்சுமி செய்தது அதைத்தான். பெரட்டுக் களத்தில் சொல்வதைக் கண்ணாடி அறையில் போய்ச் சொன்னாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மத்தியானம் தனியாக அவரிடம் போனேன். “சார், அவளுக்கு லீவு...”

“டிட் ஷீ ஆஸ்க்? கேக்காததுக்கு நான் எப்படி சரஸ் பதில் சொல்றது?”

“ஒரே பிள்ளை சார். அன்னைக்குத்தான் அம்மாவுக்குத் தாலி எடுக்கிறது. பக்கத்துல அவ இல்லாம...”

“ஐ நோ வாட் இஸ் கருமாதி” என்றார். தெரியும். அதனால்தான் எனக்கு ஆத்திரம். தெரியாத வேற்று மனிதர் என்றால் விளக்கிச் சொல்லியிருப்பேன். இவர் அப்பா தவறியபோது ஒரு வாரம் அந்த அறை பூட்டிக் கிடந்ததே, இவர் யாரைக் கேட்டார்?

லெட்சுமியிடம் வந்து கெஞ்சினேன். “ஒரு வார்த்தை கேட்டுடு தங்கச்சி. வாயில முத்தா உதிர்ந்துடும்? ப்ளீஸ் சார்னு சொல்லு, முடிஞ்சிச்சு.”

அவள் என்னைப் பார்த்தாள். உடை மாற்றும் அறை, முக்காட்டைக் கழற்றியிருந்தாள். “கேக்குறேன்கா. வேணாம்னு சொன்னார்னா? நான் போகாம இருக்கப் போறேனா? போகத்தான் போறேன். அப்புறம் எதுக்குக்கா அந்த மனுசனப் போயிப் பொய்யா கேக்கணும்?”

நான் வெளியே வந்து, அந்த நாளுக்கு மாற்று ஆள் தேடத் தொடங்கினேன்.

வியாழக்கிழமை அவள் மேசைக்கு வேறு ஒரு பெண்ணைப் போட்டேன். அவள் பெயர் நோராய்னி, லெட்சுமியோடு பஸ்ஸில் வருகிற மலாய்ப் பெண், தன் ஓய்வு நாளில் வந்தாள். “அயா டியா மெனிங்கால், காக். செயா மாசோக்லா” என்றாள். அவளுடைய அப்பா இறந்துவிட்டார், நான் வருகிறேன் அக்கா என்று. சரக்கு சொன்ன நேரத்துக்குப் போனது. ஒரு தட்டுகூடக் குறையவில்லை. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இதை நான் விசாரணையிலும் சொன்னேன்.

விசாரணை! கருமாதி முடிந்து வேலைக்கு வந்தவளுக்குக் கையில் கடிதம் கொடுத்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் ஆள்வளப் பிரிவுத் தலைவி புவான் ரொஹானி, ஒரு பக்கம் மிஸ்டர் தனா, இன்னொரு பக்கம் வேறு பிரிவிலிருந்து ஒருவர். அவர் கடைசிவரை வாயே திறக்கவில்லை. லெட்சுமிக்கு மொழி சொல்ல நான். முன்னாலேயே அவளுக்கு அவள் அம்மா புத்தி சொல்லி அனுப்பியிருந்தாள். பெரியவங்க பேசும்போது எதிர்த்துப் பேசாதே, தலையைக் குனிஞ்சு நில்லு, தானா கோவம் தணிஞ்சிரும். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது இதுதான். பெரட்டில் எதிர்த்துப் பேசியவனுக்கு மறுநாள் மேட்டு நிரைதான் கிடைக்கும், குன்றில் ஏறி இறங்கிச் சீவ வேண்டிய மர வரிசை.

அவளும் அப்படியே நின்றாள். ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். தரையைப் பார்த்தாள். லீவு நிறுத்தியிருப்பது தெரியுமா? தரையைப் பார்த்தாள். மிஸ்டர் தனா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “சீ? நோ ரெஸ்பான்ஸ். இதத்தான் நான் சொல்றேன். ஆட்டிடியூட்.”

தேநீர் நேரத்தில் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனேன். “பைத்தியமாடி உனக்கு? வாயைத் திறந்து பேசு! நடந்ததச் சொல்லு. அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பேசட்டுமாக்கா?”

“பேசு!”

திரும்ப உள்ளே போனதும் பேசினாள். தலையை நிமிர்த்திப் பேசினாள். “சார், முன்னாடியே வந்து உங்ககிட்ட சொன்னேன். எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது. அன்னைக்குத் தாலி எடுக்கும்போது எங்கம்மா கையப் புடிச்சிக்க வேற யாரும் இல்ல. அதான் போனேன். இதுல நான் என்ன சார் தப்பு செஞ்சேன்?” என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. அப்பன் செத்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைக்குக் குரல் உயராமல்?

நான் மலாயில் சொல்லி முடிக்கும் முன்பே மிஸ்டர் தனா புவான் ரொஹானி பக்கம் திரும்பினார். “நவ் யூ சீ. ஆன்சரிங் பேக். ஆட்டிடியூட்.”

பேசாவிட்டால் அது. பேசினாலும் அது. எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. மொழி சொல்ல வந்தவள் என்பதை மறந்து எழுந்துவிட்டேன். “சார், அந்த ஒரு வார்த்தைய விட்டுடுங்க. அவ என்ன செஞ்சான்னு எழுதுங்க. அத எழுதி, அதுக்காக வேலை இல்லன்னு சொல்லுங்க. நான் பேசாமப் போயிடுறேன்” என்றேன். தமிழில் சொன்னதை மலாயிலும் சொன்னேன்.

லீவு இல்லாமல் ஒருநாள் வராததற்குக் கம்பெனிச் சட்டத்தில் எச்சரிக்கைக் கடிதம் மட்டும்தான். நிரந்தரத்தை மறுக்க அது போதாது. அதனால்தான் அவருக்கு அந்த நாலாவது கட்டம் தேவைப்பட்டது. புவான் ரொஹானிக்கும் இது தெரியும். “பெத்துல் ஜுகா” என்றார், அதுவும் சரிதான் என்று. பேனாவை எடுத்து அவரே எழுதத் தொடங்கினார். இந்த ஊழியர், தன் மேலாளரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, தன் தந்தையின் பதினாறாம் நாள் சடங்குக்குச் சென்றார். ஆகவே இவர் நிரந்தரமாக்கப்படவில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டினார். அந்த அம்மா மறுபடி ஒரு முறை மனதுக்குள் வாசித்தார். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டார். “இதுல எப்படி சைன் பண்றது?” என்று மலாயில் கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. பிழைத்தாள் என்று நினைத்தேன். லெட்சுமியின் கையைக்கூட அழுத்தினேன்.

மிஸ்டர் தனா மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. அவருக்குக் கோபமே வரவில்லை. மிகவும் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல அந்த அம்மாவிடம் சொன்னார். “தட்ஸ் வொய். அதுக்காகத்தான் சொல்றேன், ஆட்டிடியூட்டுன்னு போடுங்க.”

போட்டார்கள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில், பணிக்குப் பொருந்தாத ஆட்டிடியூட் என்று ஒரே வரி எழுதினார்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வாயே திறக்காத அந்த மனிதரும் போட்டார். முன்னால் எழுதியதும் இதுவும் ஒரே பெண், ஒரே காரியம், ஒரே தண்டனை. அதில் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. இதில் வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டால் இதுதான் அர்த்தம். எதைச் சொன்னால் நம் வாயே கூசுமோ, அதைக் கூசாமல் சொல்ல உதவுவது.

லெட்சுமியும் அம்மாவும் தோட்டத்து வீட்டைக் காலி செய்தார்கள். பீடோங்கில் ஒரு கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்தார்கள். மலிவு விலை வீடு வேறு யாருக்கோ போனது. பார்வை போன அந்த அம்மாள் புது இடத்தில் எங்கே சுவர், எங்கே வாசல் என்று தெரியாமல் முட்டிக்கொண்டே மூன்று வருடம் இருந்து, அந்த அறையிலேயே போய்ச் சேர்ந்தாள். நான் கருமாதிக்குப் போனேன், யாரையும் கேட்கவில்லை. அந்த வருடம் என் நாலாவது கட்டத்தில் என்ன போட்டிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு பதவி உயர்வும் இல்லை. மிஸ்டர் தனா உயர்ந்து பினாங்குக்குப் போனார். பிரியாவிடையில் எல்லாரும் அவருடைய பாசிட்டிவ் ஆட்டிடியூட் பற்றிப் பேசினார்கள். அன்றுதான் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு நல்ல சொல்லைச் சேர்த்துக் கேட்டேன்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் கோகிலாவுக்கு வருகிறேன் என்று சொன்னேன். போகாவிட்டால் மலையேறியவன் மட்டும்தானே பேசுவான்.

பெரிய அறை, இருபது பேருக்குக் குறையாத இளம் பிள்ளைகள். எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். லெட்சுமி கதையை மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னேன். வெள்ளைப் பலகையில் அந்தக் கிழிந்த தாளின் இரண்டு வரியையும் எழுதினேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டேன். “நீங்கதான் மேனேஜர். யாரு வந்து சைன் பண்றீங்க?” என்று பேனாவை நீட்டினேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மலாய்ப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாடா, வந்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன். பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். நம் பையன். லூனாஸ் ஊர்தான், எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்துத் தெரு. நல்ல பிள்ளை, வாசலில் என் பையை வாங்கிச் சுமந்து வந்தவன் அவன்தான்.

“ஆன்ட்டி, சாரி, ஒரு கேள்வி. அவங்க போய் மேனேஜர்கிட்ட சொன்னாங்க இல்லையா, அப்ப அவங்க ஆட்டிடியூட் எப்படி இருந்துச்சு?”

கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். முன்வரிசையில் இரண்டு பேர் நல்ல கேள்வி என்பதுபோல் தலையை ஆட்டி, என் பதிலைக் குறித்துக்கொள்ளப் பேனா எடுத்தார்கள். கோகிலா ஓரத்தில் நின்று என்னைப் பார்க்காமல் கைப்பேசியைப் பார்த்தாள். நான் பேனாவை மூடிப் பலகையில் வைத்தேன். “அவளுக்கு அப்பா செத்திருந்தாரு, தம்பி. அப்படி இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

வாசலில் வீட்டுக்காரர் காடியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். “வீட்டுக்கா?” என்றார். “பீடோங்குக்கு விடுங்க” என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பீடோங் பாசாரில் லெட்சுமிக்கு ஒரு காய்கறி மேசை இருக்கிறது. சொந்த இடம் இல்லை, நாள் வாடகை. கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், பேச்சு மட்டும் அதே வெட்டு ஒன்று துண்டு இரண்டு. எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். முருங்கைக்காயைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

“என்னக்கா, பட்டுச் சேலை எல்லாம் கட்டிக்கிட்டு? எங்க போய்ட்டு வர்றீங்க?”

“பழைய கம்பெனிக்கு. பேசக் கூப்பிட்டாங்க.”

“என்ன பேசுனீங்க?”

“உன்னப் பத்திதான் பேசுனேன். அப்பா கருமாதிக்கு நீ போனதப் பத்தி.”

கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள், வெயிலில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பார்க்கிற பார்வை.

“அதுல பேச என்னக்கா இருக்கு?” என்றாள். “அப்பா செத்தாரு, போனேன்.”